டர்போ டீசல் நடு ஆர்பிஎம்மில் இழுக்கவில்லையா? ரீமேப், டர்போ மாற்றம், சின்ன ரிப்பேர்: காசை முதலில் எதில் போடுவது

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமிருந்து ஏறும்போதுதான் பல பேருக்கு இது முதலில் உறைக்கும். வண்டியில் 5 பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, நாலாவது கியரில் 70ல் போகிறோம், முன்னால் போன லாரி ஒதுங்கி வழி விட்டதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறோம், வண்டி முனகுகிறதே தவிர நகர்வதாக இல்லை. மூன்றுக்கு இறக்கி 3000 ஆர்பிஎம் தாண்டியதும் திடீரென்று உயிர் வந்து இழுக்கிறது. நடுவில் மட்டும் ஒரு பள்ளம்.

ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை வைத்துத்தான் பேசப்போகிறேன். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, சியாஸ், புன்ட்டோ, லீனியா, இன்டிகா விஸ்டா என்று நம் ஊர் ரோடெல்லாம் ஓடுவது இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு மாருதி டீசலை நிறுத்திவிட்டதால் இப்போது கையில் இருக்கும் இந்த வண்டிகள் எல்லாமே வயதானவை, பல வண்டிகள் லட்சம் கிலோமீட்டரை எப்போதோ தாண்டியவை. அதனால் இந்தப் பள்ளம் வருவது சகஜம். வந்தவுடன் பக்கத்திலிருப்பவர்கள் சொல்லும் யோசனைகளும் வழக்கமானவைதான்: ரீமேப் போடு, டர்போ போச்சு மாத்து, ட்யூனிங் பாக்ஸ் மாட்டு, ஏர் ஃபில்டரை நல்லதாகப் போடு, ஈஜிஆரை அடைத்துவிடு. ரீமேப் என்பது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவின் சாஃப்ட்வேரை மாற்றுவது, ட்யூனிங் பாக்ஸ் அந்த ஈசியூவை ஏமாற்ற வெளியிலிருந்து மாட்டும் பெட்டி, ஈஜிஆர் எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வு, டர்போ எக்ஸாஸ்ட் காற்றால் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பு நன்றாக இழுத்த வண்டி இப்போது நடுவில் இழுக்கவில்லை என்றால் அது பழுது, அதை ரீமேப் சரி செய்யாது. எங்கே காற்று குறைகிறது என்று அளந்து பார்த்து, மலிவான ரிப்பேர்களை முடித்துவிட்டு, அதற்குப் பிறகும் குறை இருந்தால் டர்போவைக் கழற்றுங்கள். ரீமேப் எல்லாம் சரியாக இருக்கும் வண்டிக்கு, கடைசியில். ட்யூனிங் பாக்ஸ் இந்தப் பிரச்சினைக்கு வேண்டவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், டீசல் எஞ்சினில் சக்தி என்பது எவ்வளவு டீசல் எரிகிறது என்பதைப் பொறுத்தது, எவ்வளவு டீசலைப் புகையில்லாமல் எரிக்கலாம் என்பது உள்ளே வரும் காற்றைப் பொறுத்தது. காற்று குறைந்தால் ஈசியூ டீசலையும் குறைத்துவிடும். அதுதான் நீங்கள் காலில் உணரும் பள்ளம். காற்றுக் குறையைக் கண்டுபிடிக்காமல் டீசலை மட்டும் கூட்டினால் கறுப்புப் புகையும் எக்ஸாஸ்ட் சூடும்தான் கூடும், அந்தச் சூடு நேராக டர்போவின் தலையில் இறங்கும்.

அளப்பதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த எஞ்சின் இரண்டு விதமாக வந்தது. 75 குதிரைத்திறன் எஞ்சினில் சாதாரண டர்போ, அதிகபட்ச டார்க் (இழுக்கும் விசை) 190 நியூட்டன் மீட்டர், 2000 ஆர்பிஎம்மில். எர்டிகா, சியாஸ் போன்ற வண்டிகளில் வந்த 90 குதிரைத்திறன் எஞ்சினில் விஜிடி, அதாவது டர்பைனைச் சுற்றி அசையும் இதழ்கள் இருக்கும் டர்போ, 200 நியூட்டன் மீட்டர், 1750ல். இரண்டிலுமே 1700, 1800க்குக் கீழே வண்டி மந்தமாகத்தான் இருக்கும். அது பழுது இல்லை, சின்ன எஞ்சினில் டர்போ சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் அது, புது வண்டியிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2000லிருந்து 2800 வரைக்கும் இந்த எஞ்சின் மிக நன்றாக இழுக்க வேண்டிய இடம். அங்கே பள்ளம் விழுந்தால் சும்மா விடக் கூடாது.

சரி, எப்படி அளப்பது? ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (எஞ்சின் தகவலைப் படிக்கும் இடம்) மாட்டுகிற ப்ளூடூத் அடாப்டர் ஒன்றும் போனில் ஓர் ஆப்பும் போதும், இரண்டும் சேர்ந்தே ஒரு முறை டீசல் போடும் செலவைத் தாண்டாது. எத்தனையோ எண்கள் வரும், நமக்கு இரண்டுதான் வேண்டும். ஒன்று மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது எஞ்சினுக்குள் காற்று நுழையும் குழாயின் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, கிலோபாஸ்கலில். இன்னொன்று எம்ஏஎஃப், அதாவது நொடிக்கு எத்தனை கிராம் காற்று உள்ளே போகிறது என்பது. காலியான சமவெளி ரோட்டில் மூன்றாவது கியரில் 1500லிருந்து முழுதாக அழுத்தி 3500 வரை போக விடுங்கள், ஆப் பதிவு செய்துகொள்ளட்டும், ஓட்டுகிறவர் போனைப் பார்க்கவே கூடாது. ஊட்டியிலோ ஏற்காட்டிலோ வைத்து அளக்காதீர்கள், ஊட்டி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே 77, 78 கிலோபாஸ்கல்தான், சென்னையில் 101. கணக்கு குழம்பிவிடும்.

எண்களைப் படிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1248 சிசி எஞ்சின், 2000 ஆர்பிஎம், மேனிஃபோல்டில் 200 கிலோபாஸ்கல் அழுத்தம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எம்ஏஎஃப் நொடிக்கு 30க்கும் 40க்கும் நடுவில் வர வேண்டும், காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நல்ல வண்டியில் முழு அழுத்தலில் 2000ஐத் தாண்டியதும் அழுத்தம் 200ஐத் தொட்டு மேலே போக வேண்டும். இப்போது உங்கள் வண்டியைப் பாருங்கள். எம்ஏஎஃப் நன்றாக இருக்கிறது, அழுத்தம் மட்டும் ஏறவில்லை என்றால் உள்ளே வந்த காற்று வழியில் எங்கேயோ வெளியே போகிறது, ஹோஸ் லீக். அழுத்தம் நன்றாக இருக்கிறது, எம்ஏஎஃப் மட்டும் 20, 25 என்று நிற்கிறது என்றால் ஒன்று சென்சார் அழுக்கு, அல்லது ஈஜிஆர் திறந்தபடி மாட்டிக்கொண்டு நல்ல காற்று இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸாஸ்ட் புகை போய் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுமே குறைவு என்றால் டர்போவோ அதை இயக்கும் வேக்குவமோ (காற்றை உறிஞ்சி இழுக்கும் அமைப்பு) வேலை செய்யவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. இரண்டுமே சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால் டீசல் ஃபில்டரையும் கிளட்சையும் பாருங்கள். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, அதற்கும் டர்போவுக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் வழி, லீக் அடைப்பது. நான் இதற்குத்தான் முதல் ஓட்டு போடுவேன், காரணம் விலை மட்டும் இல்லை, இந்த வயது வண்டிகளில் ரப்பர் ஹோஸ் வெடிப்பது மிகச் சாதாரணம். டர்போவிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸ்கள், இன்டர்கூலருக்கு (அந்தக் காற்றைக் குளிரவைக்கும் பாகம்) முன்னும் பின்னும் இருப்பவை, இவற்றில் வெடிப்பு வளைவின் அடிப்பக்கத்திலோ கிளிப் கடிக்கும் விளிம்பிலோதான் வரும், பானெட்டைத் திறந்து மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலை அடியில் விட்டுத் தடவ வேண்டும். வெடிப்பு இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன் மேல் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். ஐடிலில் எதுவும் கேட்காது, ஏனென்றால் அப்போது ஹோஸுக்குள் அழுத்தமே இல்லை. அழுத்தம் ஏறும்போதுதான் வெடிப்பு வாயைத் திறக்கும், புஸ்ஸென்று ஒரு சத்தம் கேபினுக்குள் கேட்டால் அதுதான். நம்பகமான சோதனை, ஏர் ஃபில்டர் பக்கத்தை அடைத்து உள்ளே ரெகுலேட்டர் வைத்து 1 பார் (100 கிலோபாஸ்கல்) அளவுக்குக் காற்று கொடுத்து சோப்புத் தண்ணீர் தெளிப்பது. டயர் கடை கம்ப்ரெசரை ரெகுலேட்டர் இல்லாமல் நேராகக் கொடுக்க வேண்டாம், சீல்கள் போய்விடும். ஹோஸை மாற்றும்போது கிளிப்பையும் மாற்றுங்கள். டேப் சுற்றி ஓட்டுவது வீடு போய்ச் சேரும் வரைக்கும் மட்டும்தான்.

இரண்டாவது, எம்ஏஎஃப்பும் ஈஜிஆரும். எம்ஏஎஃப் சென்சாருக்குள் இருப்பது சூடான ஒரு மெல்லிய படலம், அதன் மேல் தூசியும் எண்ணெயும் படிந்தால் காற்றைக் குறைத்துக் காட்டும். எண்ணெய் தடவிய பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர் மாட்டிய வண்டிகளில் இது சீக்கிரமே வரும், பிக்கப் கூட வேண்டும் என்று மாட்டியதே பிக்கப்பைக் குறைத்துவிடும். எம்ஏஎஃப்புக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள், பிரஷ் படக் கூடாது, காது குடையும் பட்ஸ் படக் கூடாது, கார்புரேட்டர் க்ளீனரும் வேண்டாம். சில மெக்கானிக்குகள் எம்ஏஎஃப் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள், இழுவை கூடினால் சென்சார் போச்சு என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. பிளக்கைக் கழற்றினால் பல வண்டிகளில் ஈசியூ ஈஜிஆரையும் சேர்த்து மூடிவிடும், ஆகவே குற்றவாளி ஈஜிஆராகவும் இருக்கலாம். சென்சாரை மட்டும் வாங்கிப் போட்டு ஏமாறுவது இப்படித்தான். ஈஜிஆரைக் கழற்றிப் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும், தார் மாதிரிக் கரி அப்பி வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினால் பெரும்பாலும் போதும், முழுக்கவே செத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஈஜிஆரை நிரந்தரமாகத் தகடு வைத்து அடைப்பதை நான் சொல்ல மாட்டேன். வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் நைட்ரஜன் ஆக்ஸைடு கூடும், அதை மூச்சில் இழுக்கப் போவது நாமும் நம் பிள்ளைகளும்தான். தவிர, சரியாக மூடும் ஈஜிஆர் முழு அழுத்தலின்போது எப்படியும் மூடித்தான் இருக்கும், நீங்கள் தேடும் இழுவையை அது தடுப்பதே இல்லை.

மூன்றாவது, 90 குதிரை வண்டிக்காரர்களுக்கு முக்கியமானது, வேக்குவம். விஜிடியின் இதழ்களை இழுத்து மூடுவது ஒரு வேக்குவம் ஆக்சுவேட்டர். எஞ்சின் ஓடும்போது அதன் கம்பி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், அணைத்ததும் தடங்கலில்லாமல் திரும்ப வேண்டும். அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் காய்ந்து வெடித்தாலோ, நடுவில் இருக்கும் சோலினாய்டு (மின்சார வால்வு) பழுதானாலோ இதழ்கள் திறந்தபடியே நின்றுவிடும். அப்போது கீழும் நடுவும் செத்துக் கிடக்கும், மேலே எக்ஸாஸ்ட் காற்று பெருகியதும் இழுக்கும். டர்போ போச்சு என்று சொல்லப்பட்ட வண்டியில் கடைசியில் அரை அடி வேக்குவம் குழாய்தான் குற்றவாளி என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் போங்கள், ஆக்சுவேட்டரை இழுத்து அது பிடித்து நிற்கிறதா என்று கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுவார். அந்தப் பம்ப் இல்லாமலேயே டர்போவை மாற்றச் சொல்கிறவரிடம் அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்து, கம்பி மட்டும் சிக்கிச் சிக்கி அசைந்தால் கரி இதழ்களுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஏற்றத்தில் அழுத்தி மிதித்ததும் வண்டி சட்டென்று சக்தியை இழந்து, ஓரங்கட்டி சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். இதழ் மாட்டிக்கொண்டு அழுத்தம் எகிறியதும் ஈசியூ பாதுகாப்புக்காக லிம்ப் மோடுக்கு, அதாவது சக்தியைக் குறைத்து ஓட்டும் நிலைக்குப் போவதுதான் அது. ஸ்கேனரில் பி0234 என்ற பழுதுக் குறியீடு இருக்கும். அழுத்தம் குறைவு என்றால் பி0299. இரண்டும் மாறி மாறி வந்தால் சந்தேகமே வேண்டாம், இதழ்கள்தான்.

இங்கேதான் பெரிய செலவு தொடங்குகிறது, இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. கழற்றிக் கரியைச் சுத்தம் செய்வது, நடுப்பாகத்தை (சுற்றும் ஷாஃப்டும் பேரிங்கும் இருக்கும் பகுதி) மட்டும் மாற்றுவது, முழு டர்போவையும் புதிதாகப் போடுவது. ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, கம்ப்ரெசர் இறக்கை ஹவுசிங்கில் உரசவில்லை, எண்ணெய் கசியவில்லை என்றால் சுத்தம் செய்வதே போதும். ஆனால் இதழ்களின் நிறுத்த ஸ்குருவைத் தொடக் கூடாது, குறி போட்டுவிட்டுத்தான் எதையும் பிரிக்க வேண்டும், அது கம்பெனியில் காற்றோட்டத்தை அளந்து வைத்த அளவு. ஷாஃப்டில் ஆட்டம் இருந்தால் சுத்தம் செய்வது காசுக்குக் கேடு. நடுப்பாகம் மாற்றுவது பாதி விலையில் முடியும் என்பதால் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் இந்தச் சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுபவை, அந்த வேகத்தில் பேலன்ஸ் செய்து காட்டும் மெஷின் வைத்திருக்கிற இடம் என்றால் சரி, இல்லாவிட்டால் பெயர் தெரியாத பாகத்தை உள்ளே வைத்து மூடிக் கொடுப்பார்கள், சில மாதத்தில் ஊளையிடத் தொடங்கும். வண்டியை இன்னும் பல வருடம் வைத்துக்கொள்வதாக இருந்தால் புதிய ஒரிஜினல் டர்போவுக்கே போங்கள், செலவு சில பத்தாயிரங்கள் வரும். எதைச் செய்தாலும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டர்போவுக்கு ஆயில் போகும் குழாயையும் சம்பில் (ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் வலையையும் பார்த்தாக வேண்டும். பழைய டர்போவைக் கொன்றது ஆயில் பற்றாக்குறை என்றால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

ரீமேப்புக்கு வருவோம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆரோக்கியமான 75 குதிரை ஸ்விஃப்டில் நல்ல ட்யூனர் கை வைத்தால் 2000லிருந்து 3000 வரை கிடைக்கும் இழுவை உண்மையிலேயே வேறு மாதிரி இருக்கும், பஸ்ஸைத் தாண்டும் நேரம் குறையும். ஆனால் 1800க்குக் கீழே இருக்கும் மந்தத்தை அது பெரிதாக மாற்றாது, டர்போவைச் சுற்ற எக்ஸாஸ்ட் காற்று வேண்டும், சாஃப்ட்வேர் அதைக் கொண்டுவர முடியாது. கூடுதல் டார்க் முதலில் தின்பது கிளட்சைத்தான், தேய்ந்த கிளட்ச் என்றால் ரீமேப் போட்ட கொஞ்ச நாளிலேயே அதற்கும் சேர்த்துச் செலவு. லீக்கும் கரியுமாக இருக்கிற வண்டியில் போட்டால், ஈசியூ கேட்கும் அழுத்தத்தைக் கொடுக்க டர்போ தன் எல்லையைத் தாண்டிச் சுற்றும், உயிர் போகும். நல்ல ட்யூனர் வேலையைத் தொடங்கும் முன் ஒரு லாக் (ஓட்டும்போது பதிவு செய்த எண்கள்) எடுத்துப் பார்ப்பார், பழுது இருந்தால் திருப்பி அனுப்புவார். லாக் எடுக்காமல் லேப்டாப்பை மாட்டுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ட்யூனிங் பாக்ஸ் இன்னும் மோசம். அதில் பெரும்பாலானவை ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாய்) அழுத்த சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டி ஈசியூவை ஏமாற்றி டீசலைக் கூட்டுபவை. காற்று எவ்வளவு வருகிறது என்று அதற்குத் தெரியாது. நம் பிரச்சினையே காற்றுக் குறைவு.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்க இடம் கொடுக்கிறோம். ஹோஸ் மாற்றுவதிலும் ஈஜிஆர் சுத்தம் செய்வதிலும் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களுக்கு: லீக் பார்ப்பது அப்படியே பொருந்தும், அதற்கு மேல் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பாருங்கள், முழு அழுத்தலில் மிஸ்ஃபயர் ஆவதும் பள்ளம் மாதிரியே தெரியும். மே மாத வெயிலில் மட்டும் வருகிறது, மழைக்காலத்தில் இல்லை என்றால் உள்ளே போகும் காற்று சூடாகி, நாக்கிங்கைத் தவிர்க்க (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சின் தட்டுவது) ஈசியூ இக்னிஷனை, அதாவது பொறி விடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மொத்தத்தில், வண்டியை ஒரு வருடத்துக்குள் விற்கப் போகிறீர்களா, ஹோஸ், எம்ஏஎஃப், ஈஜிஆர், வேக்குவம், ஃபில்டர் இதோடு நிறுத்துங்கள். பத்தில் பல வண்டிகள் அங்கேயே சரியாகிவிடும் என்பது என் எண்ணம். இன்னும் ஐந்தாறு வருடம் ஓட்டுவதாக இருந்து டர்போவில் ஆட்டமும் இருந்தால், நடுப்பாகத்தில் மிச்சம் பிடிக்காமல் புதியது. எல்லாம் சரியாக இருந்தும் இன்னும் இழுவை வேண்டும் என்று ஆசை இருந்தால், கிளட்சைப் பார்த்துவிட்டு, சட்டப் பக்கத்தையும் யோசித்துவிட்டு, ரீமேப்.

எந்த ரிப்பேர் செய்தாலும் அதே ரோட்டில், அதே மூன்றாவது கியரில், 1500லிருந்து 3500 வரை இன்னொரு லாக் எடுத்து, பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2000ஐத் தாண்டியும் அழுத்தம் 200ஐத் தொடவில்லை என்றால் மெக்கானிக் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் வேலை இன்னும் முடியவில்லை, வண்டியை எடுக்காதீர்கள்.